முதல் பாலிசியின் தேதி

மருத்துவக் காப்பீட்டை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும் என்று யார் வந்தாலும், "முதல் பாலிசி எந்த வருஷம் எடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பிரீமியம் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்தான். முகவர் தொழிலுக்கு வந்த புதிதில் இதைக் கேட்கத் தெரியவில்லை. அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரே கம்பெனியில் ஏழு வருடம் விடாமல் கட்டி வந்தவர். பிரீமியம் ஏறிவிட்டது, வேறு எங்காவது மாற்றித் தர முடியுமா தம்பி என்று கேட்டார். புதுப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. முறைப்படி போர்ட் செய்ய, அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியோடு வேறு கம்பெனிக்கு மாற, 45 நாளுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், புதிய பாலிசியாகவே போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலே நாளில் வந்துவிட்டது. பணமும் குறைவு. இருவருக்கும் சந்தோஷம்.

பதினோராவது மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கண்புரை, ஹெர்னியா போன்றவற்றுக்குக் கிளெய்ம் வாங்க, பெரும்பாலான பாலிசிகளில் பாலிசி எடுத்து இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பழைய கம்பெனியில் அதை அவர் எப்போதோ தாண்டியிருந்தார். கிளெய்மை மறுத்து வந்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். காத்திருப்புக் காலம் என்று இருந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "இதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. அவருடைய ஏழு வருடத்தை நான் ஒரே கையெழுத்தில் அழித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

இந்தியாவில் 2011 அக்டோபர் முதல் போர்ட்டபிலிட்டி இருக்கிறது. பழைய இடத்தில் காத்திருந்த காலத்தைப் புதிய கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆனால் அது பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும்தான். 3 லட்சத்தை 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான 7 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து ஆரம்பம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பலர் காதில் விழுவதில்லை.

2024 ஏப்ரலில் விதிகள் கொஞ்சம் இளகின. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது 36 ஆனது. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. இதெல்லாம் தொடர்ச்சி அறுபடாமல் இருந்தால்தான். அதனால் இரண்டு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கச் சொல்கிறேன். புதிய இடத்திலிருந்து சரி என்று பதில் வரும்வரை பழையதை விடாதீர்கள் என்பேன். போர்ட் கேட்டு வருபவரை மறுக்கப் புதிய கம்பெனிக்கு உரிமை உண்டு. முந்தைய வருடம் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கப் பழைய கம்பெனிக்கு உரிமை இல்லை.

விண்ணப்பத்தில் நோய் பற்றிய கட்டம் வரும்போது சிலர் பேனாவை நிறுத்துவார்கள். "சுகர் மாத்திரையை எழுதினா தரமாட்டாங்களே?" மறுக்கலாம், உண்மைதான். அப்படியானால் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்பேன். வயதும் நோயும் கூடியவர்களுக்குப் பல நேரம் அதுதான் நல்லது.

போன மாதம் ஓர் அம்மாவுக்குப் போர்ட் செய்தேன். 2013-இல் எடுத்த பாலிசி. புதிய ஆவணம் வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் பாலிசி தொடங்கிய நாள் என்ற இடத்தில் இந்த வருடத் தேதி அச்சாகியிருந்தது. இரண்டு முறை மின்னஞ்சல், மூன்று முறை போன். திருத்தி அனுப்பினார்கள். வாங்க வந்தவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அந்த வரியில் விரலை வைத்து, "2013-ன்னு போட்டிருக்கும்மா" என்று வாசித்துக் காட்டினேன்.