கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவில்

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் வலிக்குமா, எவ்வளவு செலவாகும், எத்தனை வருஷம் இருக்கும் என்றுதான் விசாரித்தார்கள். பல்லை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் பெரிய கவலை. காரணம் என் சித்தி மகள். பள்ளிக்கூட நாட்களில் அவளுக்குக் கிளிப் போட்டார்கள். கழற்றியபோது பற்கள் நூல் பிடித்தாற்போல வரிசைக்கு வந்திருந்தன. ஆனால் மேல்வரிசை முன்பற்களில், பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு விளிம்பு. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

அந்த வெள்ளை எப்படி வருகிறது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பல்லின் மேல் படியும் மாவு போன்ற படலத்தில் கிருமிகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவுச்சத்தும்தான் அவற்றுக்குத் தீனி. அதைத் தின்று அவை அமிலத்தை வெளியிடுகின்றன. வாயில் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமலில் இருக்கும் கால்சியம் கரைய ஆரம்பிக்கும். சாதாரணப் பல்லில் நாக்கும் உதடும் உமிழ்நீரும் ஓரளவு கழுவிவிடும். கிளிப் போட்ட பல்லில் பிராக்கெட்டின் ஓரம் ஒரு திண்ணை மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சரியாகத் தேய்க்காவிட்டால் ஒரு மாதத்திலேயே வெள்ளைத் தழும்பு விழலாம் என்றார். அது சொத்தையின் முதல் படி. ஆக, கிளிப் பல்லைக் கெடுப்பதில்லை. அதைச் சுற்றிப் படிந்து கிடப்பதுதான் கெடுக்கிறது.

முதல் வாரம் சுத்தம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல் கூசியது, கன்னத்தின் உள்பக்கம் உரசிப் புண்ணானது. குழைய வடித்த தயிர் சாதமும் இட்லியும்தான் சாப்பாடு. குத்தும் இடத்தில் மெழுகை உருட்டி ஒட்டிக்கொண்டேன், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். மென்மையான பிரஷ் வைத்து மெல்லத் தேய்த்தேன். வலிக்கிறதே என்று அந்த வாரம் தேய்ப்பதை மட்டும் விடக் கூடாது.

எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்தது ஒரு சிவப்பு மாத்திரை. அடுத்த முறை கம்பி மாற்றப் போனபோது, நன்றாகப் பல் தேய்த்துவிட்டு வரச் சொல்லி, கிளினிக்கில் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மென்று, நாக்கால் எல்லாப் பக்கமும் துழாவி, துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். படலம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஒட்டிக்கொள்ளும். பல்லின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. பிராக்கெட்டின் மேல்விளிம்புக்கும் ஈறுக்கும் நடுவில், நெல்மணி அகலம்கூட இல்லாத அந்தக் கீற்றில், அடர் ரோஜா நிறம் கோடு போட்டிருந்தது. கோரைப்பல்லில் இன்னும் அடர்த்தி. கம்பிக்கு அடியில் இரண்டு பல் சேரும் இடங்களிலும் அப்படியே. நெடுநேரம் தேய்ப்பது வேறு, பிரஷ் அங்கே எட்டுவது வேறு என்பது அப்போது புரிந்தது. அந்த மாத்திரையை வாங்கி வைத்து மாதம் ஒருமுறை வீட்டிலும் போட்டுப் பார்ப்பேன். கிளிப் போட்ட எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் ராத்திரி வழக்கம் இப்படி அமைந்தது. முதலில் வெறும் தண்ணீரை வாயில் வைத்து அழுத்தமாகக் கொப்பளித்துப் பெரிய துணுக்குகளை வெளியேற்றுவேன். அப்புறம் இன்டர்டென்டல் பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம்; மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை விட்டு, பிராக்கெட்டின் இரண்டு பக்கவாட்டையும் உரசி எடுப்பேன். அதன் பிறகுதான் பேஸ்ட் வைத்த பிரஷ். அதை ஈறு பக்கமாக 45 டிகிரி சாய்த்து, குறுக்கே இழுக்காமல் அதே இடத்தில் சின்னதாக அசைக்க வேண்டும். பிராக்கெட்டுக்கு மேலே ஒரு சுற்று, அதே பல்லில் கீழே இன்னொரு சுற்று. கடைசியாக ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல். கம்பி குறுக்கே இருப்பதால் நேராக விட முடியாது. பிளாஸ்டிக் ஊசி போன்ற திரெடரில் நூலைக் கோர்த்துக் கம்பிக்கு அடியில் நுழைக்க வேண்டும். ஆரம்பத்தில் பொறுமையைச் சோதித்தது. போகப் போகக் கை தானாகப் பழகிவிட்டது.

பேஸ்ட் விஷயத்தில் அம்மாவோடு ஒரு சின்ன வாக்குவாதம். எங்கள் வீட்டில் காலங்காலமாகப் பல்பொடிதான். பொடி சொரசொரப்பு, தவிர பலவற்றில் ஃப்ளோரைடும் கிடையாது. மூலிகை பேஸ்ட்டுகள் பலவும் அப்படித்தான். கால்சியம் கரைந்த இடத்தை மீண்டும் இறுக வைக்க உதவுவது ஃப்ளோரைடு. நம் நாட்டில் பேஸ்ட்டில் அது 1000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை) தாண்டக் கூடாது என்பது விதி. அட்டையைத் திருப்பிப் பார்த்து, அந்த அளவு அச்சிட்டிருப்பதையே வாங்கினேன். தேய்த்த பிறகு வாயை நாலைந்து தடவை அலசாமல் துப்புவதோடு நிறுத்திக்கொண்டேன். பல்லில் கொஞ்சம் ஃப்ளோரைடு தங்கினால்தானே பலன். அம்மா அவர் பொடியை விடவில்லை, நான் என் பேஸ்ட்டை விடவில்லை.

சாப்பாட்டில் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு இதெல்லாம் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும் என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். மாட்டிக்கொள்ளும் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. முருங்கைக்காய் நார், கீரை, பொரியலில் போடும் தேங்காய்த் துருவல், நார் மாம்பழம். நான் எதையும் முழுசாக விடவில்லை. ஆபீஸ் பையில் சின்ன ஜிப் பர்ஸில் ஒரு பிரஷ், இன்டர்டென்டல் பிரஷ், கைக்கண்ணாடி எப்போதும் இருக்கும். மதியம் சாப்பிட்டதும் வாஷ்பேசினுக்குப் போய்விடுவேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யாரும் கவனிக்கவே இல்லை.

சாம்பாரும் ஒரு வேலை செய்யும். பிராக்கெட்டில் மாட்டும் ஒளிபுகும் ரப்பர் வளையம் மஞ்சளை உறிஞ்சி, சில வேளைச் சாப்பாட்டிலேயே நிறம் மாறிவிடும். அது அழுக்கு அல்ல, கறை மட்டும்தான். அதைப் போக்குகிறேன் என்று முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறுதான் புண்ணாகும். அடுத்த முறை சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது டீ. ஆபீஸில் மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீ வரும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் அமிலம் எழுந்து அடங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். டீயைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொண்டு, நடுவில் தண்ணீர் மட்டும் குடித்தேன். இந்த ஒன்று எந்த பிரஷ்ஷைவிடவும் உதவியது என்றே நினைக்கிறேன்.

நடுவில் ஒரு கட்டத்தில் ஈறு தடித்து, தேய்க்கும்போது ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகக் கை தயங்கும். படலம் தங்கித்தான் ஈறு வீங்குகிறது, அங்கேதான் கவனமாகத் தேய்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஒருமுறை ஸ்கேலிங் செய்து, அதாவது படிந்து இறுகியதைக் கருவியால் சுரண்டி எடுத்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் கொடுத்தார். அதை இஷ்டத்துக்குத் தொடரக் கூடாது. பல்லில் பழுப்புக் கறை படியும்.

கிளிப்பைக் கழற்றியபோது முன்பற்கள் சுத்தமாக இருந்தன. ஒரு கோரைப்பல்லில் மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும் மங்கலான வெள்ளைக் கீற்று. அதற்கு ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினார்கள்.

வேலை அதோடு முடிவதில்லை. பற்கள் மறுபடி நகராமல் இருக்க ராத்திரி போட்டுக்கொள்ளும் ரிட்டெய்னரைக் கழுவக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சுடுதண்ணீர் பட்டால் நெளிந்துவிடும். கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டியிருக்கிறார்கள். உமிழ்நீர் சுரக்கும் துளை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே படலம் இறுகிப் பற்காரையாகச் சீக்கிரம் கட்டும். அதனால் திரெடரும் நூலும் இன்னும் வாஷ்பேசின் அலமாரியில்தான் இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்குக்கும் போகிறேன்.