வளவுக்குள் வெயில் வந்து சேரும் நேரம்

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய வீட்டில் இந்தக் கோடை முழுக்க இருந்ததால், ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு வேலையை ஆரம்பித்தேன், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பத்தை அளந்து பார்ப்பது. வெப்பம் அளக்கும் டிஎச்டி22 சென்சார் இரண்டு, அளவுகளை வாங்கும் குட்டிக் கணினி மாதிரியான ஈஎஸ்பி32 போர்டு இரண்டு. ஒரு சென்சார் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், தூணுக்குப் பின்னால் நிழலில். இன்னொன்று வீட்டுக்கு வெளியே. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 144 வரிசை.

வெளி சென்சாரில் முதல் நாளே கோளாறு. சாயங்காலம் நாலரைக்கு வெப்பம் சட்டென்று ஆறு டிகிரி ஏறி, அரை மணியில் அப்படியே இறங்கியிருந்தது. எண்களாகப் படித்தபோது கண்ணில் படவில்லை, வரைந்ததும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. காற்று இவ்வளவு வேகமாகச் சூடாகி ஆறாது, மேற்கு வெயில் சென்சார் மேலேயே விழுந்திருக்கிறது. வடக்கு ஜன்னல் மேலே மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒரு வாரம் கழித்துச் சராசரி எடுத்தால் வெளியே 33.1, வளவில் 32.4. இவ்வளவு தடிமனான சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை எல்லாம் இருந்தும் முக்கால் டிகிரிதான் வித்தியாசமா என்று மனசு விட்டுப் போனது. அப்புறம் தரவைப் படமாக வரைகிற மேட்பிளாட்லிப் என்ற மென்பொருளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்தேன், அதிலும் இரண்டு அலையும் ஒரே உயரம்! தப்பு என்னுடையது. தனித்தனிப் படமாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் அளவுகோலை அதுவே தோதாக வைத்துக்கொள்ளும், 27 முதல் 39 வரை போகிற கோடும் 30 முதல் 34 வரை போகிற கோடும் கட்டத்தை ஒரே மாதிரி நிரப்பும். இரண்டையும் ஒரே அச்சில் வைத்த பிறகுதான் வீடு செய்கிற வேலை தெரிந்தது, வெளிக்கோடு மலை மாதிரி ஏறி இறங்க, வளவுக்கோடு மெல்ல அசைகிறது.

1973-ல் அன்ஸ்காம்ப் என்ற புள்ளியியலாளர் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் கிடை எண்களின் சராசரி 9, நெடுக்கு எண்களின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு 0.816 என்று எல்லாம் ஒன்றேபோல இருக்கும், வரைந்தால் நான்கும் நான்கு உருவம். படித்த விஷயம்தான், சொந்த வீட்டில் பார்த்தபோதுதான் உறைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த படம். வெளி வெப்பத்தைக் கிடையிலும் வளவு வெப்பத்தை நெடுக்கிலும் வைத்துப் புள்ளி வைத்தேன். நேர்கோடு வரும் என்று பார்த்தால் முட்டை வடிவில் ஒரு வளையம் வந்தது. வெளியே அதே 33 டிகிரிதான், ஆனால் காலையில் அந்த 33-க்கு வளவு குளுமை, சாயங்காலத்து 33-க்கு வளவு புழுக்கம். சுவர் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகத்தான் விடுகிறது என்பதை அந்த வளையமே சொல்லிவிட்டது. சரி, எவ்வளவு தாமதம்? வெளித் தரவைப் பத்துப் பத்து நிமிடமாகத் தள்ளித் தள்ளி ஒட்டுறவு பார்த்ததில் 23 வரிசை தள்ளியபோது உச்சம், அதாவது 3 மணி 50 நிமிடம். தள்ளி வைத்து மறுபடி வரைந்தால் முட்டை ஒடுங்கி ஏறக்குறையக் கோடாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் அந்தப் படத்தைப் பத்து தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

ஒரே அச்சில் வைத்த படத்தில் இன்னொன்றும் இருந்தது. வெளிக்கோடு இறங்கி வந்து வளவுக்கோட்டை வெட்டுகிற இடத்தில்தான் வளவும் உச்சத்தில் இருக்கிறது, 6.20 வாக்கில். வெளியே சூடு கூடுதலாக இருக்கிற வரை உள்ளே ஏறிக்கொண்டுதானே இருக்கும். அப்பத்தாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன். "அதுக்குத்தானே அப்பு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால நிலைக்கதவத் திறக்காதேன்னு சொல்றது" என்றார்கள்.

கதவு திறக்கிற நேரத்தையும் இப்போது குறித்துவைக்கிறேன், படத்தில் அது ஒரு செங்குத்துக் கோடு. நேற்று 6.25.