கிணற்றுக்கட்டு

குடியியல் ரீச்சர் காலமான செய்தி வாட்ஸப்பில் வந்தபோது நான் பேரனுக்குப் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். "அன்ரி, ரீச்சரைப் பற்றி நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும்" என்று பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். சரி. அவரின் குடையையும் சிவப்பு மையையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு 1968 தான் வருகிறது.

அந்த வருடம் பேச்சுப்போட்டியில் 'பெண் விடுதலை' பேசி முதற்பரிசு வாங்கினேன். அண்ணா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், நான் ஓ லெவல் சோதனையோடு நிற்கவேண்டும் என்ற கோபம் முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். மறுநாள் ரீச்சர் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் படிப்பித்தார். கோயிலிலும் தேத்தண்ணிக் கடையிலும் சாதி சொல்லி மறித்தால் குற்றம் என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"நேற்று நல்லாப் பேசினீர். உங்கட வீட்டுக் கிணத்தில ஆர் ஆர் அள்ளலாம்?"

எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வாங்கில் இருந்தவளுக்குப் பதில் தெரியும். பின்னேரங்களில் அவளும் தாயும் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கட்டுக்கு வெளியே நிற்பார்கள். அள்ளி ஊற்றுவது என் வேலை. வாளி குடத்தில் முட்டக்கூடாது. ஒரு சாண் மேலே பிடித்து ஊற்றவேண்டும். பாதி நிலத்தில் சிந்தும். தாய் என்னை 'நாச்சியார்' என்பார். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், கிணற்றடியில் என்னை எப்படியும் கூப்பிடமாட்டாள்.

அன்று பின்னேரம் வாளியை நீட்டி, "நீயே அள்ளு" என்றேன். பெரிய வீராங்கனை நினைப்பு! தாய் பதறிப்போய் அவளின் கையைப் பிடிப்பதற்குள் அவள் கிணற்றுக்கட்டில் ஏறிவிட்டாள். ஒரு வாளி அள்ளிக் குடத்தில் ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியாரின் ஆலயப் பிரவேசத்தை மறித்துக்கொண்டு ஆட்கள் நின்ற நாட்கள் அவை. ஐயாவும் அங்கே நின்றுவிட்டுத்தான் வந்தார். என்னை அடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்குப் படிப்புக் கூடிப்போச்சு" என்று அம்மாவை ஏசினார். விடிய ஆள் பிடித்துக் கிணற்றை இறைப்பித்தார். அவர்கள் பிறகு வரவில்லை. அரை மைல் தள்ளி வேறு கிணறு. அடுத்த தவணை அவள் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. ஏனென்று ரீச்சர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கண்ணைத் திறந்தவர் ரீச்சர் என்று இங்கே கனடாவில் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. அந்தப் பாடத்துக்கு அரை மைல் குடம் சுமந்தவளைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் காணி பிறகு எனக்கே சீதனமாக வந்தது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது நான் கனடாவில். இராணுவத்தின் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த அந்தக் கிணற்றில் ஐயாவும் பிறகு அள்ளவில்லை. காணி விடுபட்டபின்னும் நான் போய்ப் பார்க்கவில்லை. காணி உறுதி இங்கே என் அலுமாரியில் கிடக்கிறது.

இதை எழுதுமுன் அவளின் முகவரி இருக்கிறதா என்று சங்கத்தில் விசாரித்தேன்.

"ஓ லெவல் எடுத்த ஆக்களின்ர பட்டியல்தான் இருக்கு, அன்ரி."