நந்தி மலை ஏத்தமும் என் பேட்டரியோட ஏழாவது குரூப்பும்

ஒருவழியா நேத்து காலைல என் எலக்ட்ரிக் சைக்கிள்ல, பெங்களூர் பக்கத்து நந்தி மலை உச்சி வரைக்கும் மோட்டார் நிக்காம ஏறிட்டேன். மூணு வாரமா தூக்கத்தக் கெடுத்த சமாச்சாரம், அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

36 வோல்ட், 10எஸ் 4பி (நாலு நாலு செல்லா பேரலல்ல சேத்த பத்து குரூப், பத்தும் சீரிஸ்ல), 2600 எம்ஏஹெச் செல், போன வருஷம் அல்சூர் வீட்டு பால்கனில உக்காந்து நானே கட்டின பேக், பின் வீல்ல 250 வாட் கியர்டு ஹப் (சக்கரத்து நடுவுலயே இருக்கற, உள்ள பல்சக்கரம் வச்ச மோட்டார்). பெங்களூருக்குள்ள 35 கிமீ அசால்ட்டா ஓடும். அந்தத் தைரியத்துல ஃப்ரெண்ட் கார்ல சைக்கிளப் போட்டு அடிவாரத்துல இறக்கி, ஃபுல் சார்ஜோட கிளம்பினா அஞ்சாவது கிமீல ஒரு வளைவுல பொசுக்குனு ஆஃப். பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணா மூணு கட்டை காட்டுது, ஏறி மிதிச்சா 200 மீட்டர்ல திரும்ப ஆஃப். கார்பன் சைக்கிள் பசங்க "என்ன அங்கிள், சார்ஜ் அவுட்டா?"னு கேட்டுட்டே தாண்டிப் போனாங்க. 24 கிலோ சைக்கிள மேட்டுல தள்ளினவனுக்குத்தான் அந்தக் கடுப்பு தெரியும்.

கணக்கு எங்கயுமே இடிக்கல. மலைல கிமீ பாத்துப் பிரயோஜனம் இல்ல, உயரத்தத்தான் பாக்கணும். நானும் சைக்கிளும் பையும் சேத்து 102 கிலோ, ஏத்தம் சுமார் 400 மீட்டர், வெறும் உயரத்துக்கே 111 வாட் ஹவர். ஹப் மோட்டார் மேட்டுல மெதுவா சுத்தும்போது பாதிக்குப் பாதி சூடாப் போகும்னு வச்சாலும் 220, நம்ம பேக் 374. மிதிக்கிறது வேற இருக்கு. அப்போ ஏன் நிக்குது?

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு பேலன்ஸ் ஒயர்ல (ஒவ்வொரு குரூப்புல இருந்தும் வர்ற ஒயர்) மல்டிமீட்டர் வச்சா பத்து குரூப்பும் 4.18, 4.19 வோல்ட். இங்கதான் ரெண்டு வாரம் ஏமாந்தேன். பிஎம்எஸ் (பேட்டரியக் காவல் காத்து, வோல்டேஜ் ரொம்ப இறங்கினா கட் பண்ற போர்டு) மேல சந்தேகம், மோட்டார ஓட்டற கன்ட்ரோலர் மேல சந்தேகம், புது பிஎம்எஸ் வாங்கி மாட்டி 900 ரூபா தண்டம். சும்மா இருக்கற பேட்டரி நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கும், வேலை குடுத்தாத்தான் அதோட லட்சணம் தெரியும்.

ஜே.சி. ரோட்ல கார் ஹெட்லைட் பல்பு ஆறு வாங்கினேன், 12 வோல்ட் 55 வாட். மூணு மூணா சீரிஸ்ல கோத்து ரெண்டு வரிசை போட்டா கிட்டத்தட்ட 10 ஆம்ப் இழுக்கும். பால்கனியே கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு, பக்கத்துல பக்கெட்ல மணல், வாசல்ல நின்னுட்டு வீட்டம்மா முறைப்பு. கால் மணி நேரத்துல ஒன்பது குரூப் 3.85 பக்கம், ஏழாவது மட்டும் 3.4! பேக் மேல சுத்தின ஷ்ரிங்க் உறையப் பிரிச்சு நகத்தால நெம்பினா நாலு செல்லுல ரெண்டோட ஸ்ட்ரிப் (செல்லுங்கள இணைக்கற உலோகப் பட்டை) அப்பளம் மாதிரி கையோட வருது. ரெண்டே செல்லு நாலு பேர் வேலையப் பாத்திருக்கு. மேடு வந்ததும் அந்த ஒரு குரூப் மட்டும் தொபுக்குனு விழ, பிஎம்எஸ் மொத்தத்தையும் வெட்டிடுது. புது பிஎம்எஸ்ஸும் அதையேதான் செஞ்சிருக்கு, பாவம்.

ஸ்ட்ரிப் எஸ்.பி. ரோட்ல "ப்யூர் நிக்கல் சார், கண்ண மூடிட்டு வாங்குங்க"னு சொல்லிக் குடுத்தது. நானும் கண்ண மூடிட்டுத்தான் வாங்கியிருக்கேன். மிச்சத்தச் சுரண்டி உப்புத் தண்ணில ஒரு ராத்திரி போட்டேன், காலைல துரு. நிக்கல் முலாம் பூசின இரும்பு! கட்டறதுக்கு முன்னாடி இத செய்யாதது என் தப்பு.

கழண்டு கெடந்த ரெண்டு செல்லையும் பழைய சார்ஜ் லெவல்லயே விட்டுடாம மத்த ரெண்டோட வோல்டேஜுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் வெல்டு அடிச்சேன். வெல்டு பிடிச்சிருக்கானு பிளையர்ல இழுத்துப் பாத்தா ஸ்ட்ரிப் கிழியணும், புள்ளி பெயரக் கூடாது. ஸ்பேர் செல்லுல அடிச்சுப் பாத்ததுல பதினொரு வெல்டு வீணாச்சு.

நேத்து வாட்மீட்டர் 168 வாட் ஹவர் காட்டிச்சு, நல்லா மிதிச்சேன். இறக்கத்துல சார்ஜ் எதுவும் திரும்ப வராது, கியர்டு ஹப்ல ஃப்ரீவீல் இருக்கே, சக்கரம் சுத்தினாலும் மோட்டார் சுத்தாது.

அடுத்து மேட்டுப்பாளையம் டூ குன்னூர் ஆசை. 1500 மீட்டர் ஏத்தம், உயரத்துக்கே 400 வாட் ஹவருக்கு மேல, இந்த பேக்குக்கு நடக்காது, ரெண்டாவது பேக் கட்டணும், மிட் டிரைவும் (பெடல் கிட்ட மாட்டற மோட்டார்) வாங்கலாமானு பாக்கறேன். அதுக்குள்ள மிச்ச ஒன்பது குரூப்ல அந்தத் துரு ஸ்ட்ரிப்தான் இன்னும் ஒட்டிட்டு இருக்கு, நல்ல நிக்கல் ஆர்டர் போட்டிருக்கேன், பேக் இப்போ காப்டன் டேப்போட (சூடு தாங்கற இன்சுலேஷன் டேப்) பால்கனில அம்மணமா கெடக்கு.