சிலிண்டர் நிற்கும்வரை

கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் வந்தால் பேட்ஜ் குத்திக்கொள்வோம், கை நீட்டி உறுதிமொழி எடுப்போம். அது வேண்டியதுதான். ஆனால் ஒரு மில்லுக்குப் பாதுகாப்பில் எவ்வளவு அக்கறை என்று நான் பார்ப்பது வேறு நேரத்தில். லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கும், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்போது என்ன செய்கிறார்கள்?

சுவிட்சை அணைத்ததும் மோட்டார் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கனத்த சிலிண்டர் உடனே நிற்காது. கம்பிப் பற்களோடு பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் அது காதிலும் விழாது. 'ஆஃப் பண்ணியாச்சே' என்று மூடியைத் திறந்து கையை விட்டால் விரல் மிஞ்சாது. அதற்காகத்தான் மூடிக்கு இன்டர்லாக், அதாவது சிலிண்டர் நிற்கும்வரை திறக்கவிடாத பூட்டு. முன்பு நான் வேலை பார்த்த மில்லில் அதை ஒரு துண்டு ஒயரால் பைபாஸ் செய்து வைத்திருந்தார்கள். மெஷின் பாகம் ஓடும்போது அதன் காப்பு மூடி அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொன்னது. ஒயரை மாட்டியவர் கெட்டவர் இல்லை. புரொடக்‌ஷன் குறைந்தால் திட்டு அவருக்குத்தான்.

இங்கே கார்டிங் மேஸ்திரி மெஷினை அணைத்துவிட்டு, மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். அதிர்வு அடங்கும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். புதுப் பையன் பரபரத்தால், "இருய்யா தம்பி, லாரி எங்க போயிறப்போகுது" என்பார். அவர் நிற்கும் நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நாங்கள் எடுக்கும் உறுதிமொழியைவிட இந்த உத்தரவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம், ஷிப்ட் தொடங்கும்போது, விபத்தாகாமல் நூலிழையில் தப்பியதைப் பற்றி "நேத்து எது தப்பிச்சது?" என்று கேட்கிறோம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்த பிறகு, எண்ணெய் கொட்டிய தரை, மெஷின் ஓரம் தொங்கிய துப்பட்டா என்று ஒவ்வொன்றாய் வருகிறது.

எனக்கு இன்னும் பெரிய கவலை பஞ்சுத்தூசி. வார லீவு முடிந்து வரும் நாளில் சிலருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், இருமல் வரும். "நேத்து தின்ன கறிச்சோறு செரிக்கல" என்று சோடா குடிப்பார்கள். அடுத்தடுத்த நாளில் குறைந்துவிடுவதால் மறந்துவிடுவார்கள். பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் அப்படித்தான் தொடங்கும். வருஷக்கணக்கில் விட்டால் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். அதனால் நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டை லீவு முடிந்து வரும் நாளிலேயே, ஷிப்ட்டுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போது மருத்துவ முகாம் நடப்பது வெள்ளிக்கிழமை. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.