இமாடினிப்: ஒரிஜினலா, ஜெனரிக்கா?

எனக்கு வந்திருப்பது சி.எம்.எல். என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானதும் டாக்டர் சீட்டில் எழுதியது ஒரே மாத்திரைதான். இமாடினிப் 400 மி.கி., தினமும் ஒன்று, சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து. வீட்டில் சண்டை வந்தது எந்தக் கம்பெனி மாத்திரை வாங்குவது என்பதில்.

2014 அது. நோவார்டிஸ் கம்பெனியின் ஒரிஜினல் இமாடினிப்பான கிளிவெக்கின் காப்புரிமை வழக்கில், அந்தக் கம்பெனிக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது முந்தைய வருடம் ஏப்ரல் 1-ம் தேதி. கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக் 8,000 அளவில் என்று அப்போது பேப்பரில் வந்த கணக்கு என் மச்சானுக்கு மனப்பாடம். "இவ்வளவு வித்தியாசம் சும்மாவா வரும் மாமா? நிலத்தை வித்தாவது ஒரிஜினலே வாங்கிடுவோம்" என்று நின்றான். அவன் பயம் எனக்கும் இருந்தது.

சந்தேகத்தையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடமே கேட்டோம். வழக்கு நடந்தது இமாடினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்காக. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-லேயே நிராகரித்த விண்ணப்பம் அது. எந்த வடிவமானாலும் வயிற்றில் கரைந்தபிறகு வேலை செய்வது இமாடினிப்தான் என்றார். ஒரிஜினலோடு ஒப்பிட்டால் ஜெனரிக்குக்கு 80-லிருந்து 125 சதவீதம் வரை அனுமதி உண்டாமே, அப்படியானால் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்குமா என்று மச்சான் மடக்கினான். அது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவே இல்லையாம். இரண்டு மாத்திரையையும் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். அந்த விகிதம், அதன் பிழை வரம்பும் சேர்த்து, முழுதாக அந்த எல்லைக்குள் அடங்கவேண்டும். அதனால் உண்மையான சராசரி வித்தியாசம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். "அதுக்கு மேலயும் சந்தேகம்னா பிசிஆர் சொல்லிடும்" என்று முடித்தார். ரத்தத்தில் நோயின் மரபணு இன்னும் எவ்வளவு சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் டெஸ்ட் அது.

ஜெனரிக்கில் ஆரம்பித்தேன். கண்ணைச் சுற்றி வீக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். மட்டமான மாத்திரை, அதனால்தான் இப்படி என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் கம்பெனியின் உதவித் திட்டத்தில் இலவசமாகக் கிளிவெக் வாங்குகிறவர். அவருக்கும் அதே கண் வீக்கம், அதே கால் பிடிப்பு! அன்றோடு அந்தப் பேச்சு அடங்கியது.

உண்மையான தலைவலி மெடிக்கல் ஷாப்பில். ஒரு மாதம் ஒரு கம்பெனி அட்டை, அடுத்த மாதம் வேறொன்று. கேட்டால் "எல்லாம் ஒரே மருந்துதான் சார்". இருக்கலாம். ஆனால் நடுவில் ரிசல்ட் ஏறினால் எதைச் சந்தேகப்படுவது? டாக்டர் சீட்டிலேயே கம்பெனி பெயரையும் எழுதிக் கொடுத்தார். கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க ஆரம்பித்தேன். ஸ்டாக் இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தக்கூடாது, போன் செய்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், அடுத்த பிசிஆரை மட்டும் தள்ளிப்போடக்கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன். விட்டுவிட்டுப் போடுவதுதான் ஜெனரிக்கைவிட ஆபத்து என்பார்.

பிசிஆர் எடுப்பதை ஒரே லேபில் வைத்துக்கொண்டோம். ரிப்போர்ட்டில் சர்வதேச அளவுகோலில் போட்ட எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். இல்லையென்றால் ஒரு லேபின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடமுடியாது. மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறில் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வரவேண்டும் என்பது இலக்கு. எனக்கு முதல் இரண்டும் சரியாக வந்தன. பன்னிரண்டாவது மாதம் 0.1-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. மச்சான் மறுபடி நிலப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்தான். டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. முதலில் விட்டுப்போன டோஸ் உண்டா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று துருவித் துருவிக் கேட்டார். எதுவும் இல்லை. அதே அட்டையைத் தொடரச் சொல்லி மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 0.06 வந்தது.