நிலவுவரை ஏழு கோள்கள்

பூமிக்கும் நிலவுக்கும் இடையே மற்ற ஏழு கோள்களையும் வரிசையாக அடுக்கிவிடலாம் என்றொரு படம் மறுபடியும் சுற்றி வருகிறது. கூட்டிப் பார்க்காமல் பகிர எனக்கு மனம் வராது.

நடுக்கோட்டு விட்டத்தை எடுத்துக்கொண்டால் வியாழன் மட்டுமே 1,42,984 கி.மீ. சனி 1,20,536. யுரேனஸும் நெப்டியூனும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டுகின்றன. புதன், வெள்ளி, செவ்வாய் மூன்றும் சேர்ந்தும் 24,000-ஐ எட்டவில்லை, பாவம். மொத்தம் 3,87,941.

நிலவின் சராசரி தூரமோ 3,84,400 கி.மீ. அதுவும் மையத்திலிருந்து மையத்துக்கு! பூமி, நிலவு இரண்டின் ஆரத்தையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 3,76,000. ஆக, இடம் போதாது. நிலவு 4,05,000 கி.மீ. வரை விலகிப் போகும் நாட்களில் வேண்டுமானால் அடுக்கலாம்.

ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. படுவேகமாகச் சுழல்வதால் வியாழனுக்கும் சனிக்கும் இடுப்பு பருத்திருக்கிறது. துருவ வாக்கில் அளந்தால் சனி 11,808 கி.மீ. இளைத்துவிடும், கிட்டத்தட்ட ஒரு வெள்ளிக் கோளின் அகலம். வியாழனும் ஒன்பதாயிரத்துக்கு மேல் குறையும். இந்த இரண்டையும் அப்படித் திருப்பி வைத்தால் சராசரி தூரத்திலேயே ஏழும் தாராளமாக அடங்கிவிடுகின்றன. சனியின் வளையங்களும் இடைஞ்சல் செய்யாது, பக்கவாட்டில்தான் விரிந்திருக்கும்.